எந்த டிவிஷனில் கிருமி?

உயிர்கள் பெருகுவதற்கு ஓர் ஆண், ஒரு பெண், ஒரு முகூர்த்த நாள் ஆகிய மூன்றும் தேவை என்றோர் எண்ணம் நம்மவரிடையே பரவலாக இருக்கிறது. இது தவறு என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிப்பது என் கடமை. மலேரியாக் கிருமி மனித ரத்தத்தில் பெண் பார்க்கப் போவதில்லை. ஒரு சிவப்பணுவுக்குள் புகுந்து, உட்கார்ந்து தின்று பெருத்து, தன் உட்கருவைப் பல துண்டுகளாகப் பிரித்து, கடைசியில் பதினைந்து இருபது குட்டிகளாக உடைந்து வெளியே வருகிறது. ஒவ்வொரு குட்டியும் புதிய சிவப்பணு ஒன்றில் குடியேறுகிறது. அவை உடைத்துக்கொண்டு வெளியேறும் நேரம்தான் நமக்கு உடம்பு நடுங்கும் நேரம்.

தோட்டத்து டிரசர் என்பவன் பாதி வைத்தியன், முழு வசவுக்கு ஆளானவன். மலாயாவின் ஜொகூர் பாருவில் கடலுக்குள் கல்லைக் கொட்டிப் பாலம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், லாயாங் லாயாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அந்த வேலை பார்த்தேன். மலேரியாவுக்குக் கொயினா மருந்தை விழுங்கிக் காதுக்குள் வண்டு ரீங்கரிக்க உட்கார்ந்திருந்த வாசகர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

பங்கு பிரித்தல்

எங்கள் தோட்டத்தில் இரண்டு டிவிஷன்கள். இரண்டாவதின் கங்காணி முத்துக்கருப்பன் ஒரு புதன்கிழமை பால் வெட்டும் அஞ்சலையை ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தார். அவள் ஒரு நாள் வேலைக்கு வருகிறாளாம், மறுநாள் படுத்துக்கொள்கிறாளாம். வேலைக் கள்ளி என்று கங்காணி தோட்டத்து மேனேஜரான துரையிடம் சொல்லிவிட்டார். இனி ஒரு நாள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வராவிட்டால் செக்ரோல் ஏட்டில் பேர் வெட்டு என்று துரையும் சொல்லிவிட்டார். பேர் போனால் குடியிருக்கும் லயத்து அறையும் போகும். அஞ்சலைக்கு வேறு போக்கிடம் கிடையாது. அடுத்த பெரட்டு மறுநாள் காலை.

கிருமி பிரிந்து முடிக்க இரண்டு நாளாகும், அதனால்தான் காய்ச்சல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது என்று கங்காணிக்கு விளக்கினேன். ஒன்று பிரிந்தால் இருபது ஆகும் என்றும் சொன்னேன். அவர் என்னைச் சற்று நேரம் இரக்கத்தோடு பார்த்தார்.

"ஊருல நாங்க அண்ணந்தம்பி மூணு பேரு பங்கு பிரிச்சோம். எனக்கு ஒரு வரப்புதான் வந்துச்சு. பிரிஞ்சா கொறையும் ஐயா, எங்கயாச்சும் கூடுமா?"

கல்யாணம் எங்கே?

கங்காணி போன பிறகு அஞ்சலையின் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துச் சாயம் ஏற்றினேன். அன்று அவளுக்கு நல்ல நாள். உடம்பு ஜில்லென்று இருந்தது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் கிருமிகள் பெருத்துக் கிடந்தன. சிலவற்றின் உட்கரு பிரியவும் தொடங்கியிருந்தது. அன்றே கொயினா கொடுத்தாலும் மறுநாள் நடுக்கத்தைத் தடுக்க முடியாது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, பாதி விஷயத்தோடு நிறுத்தத் தெரியாது. இந்தக் கிருமியிலும் ஆண் பெண் உண்டு, ஆனால் அவை சேருவது கொசுவின் வயிற்றுக்குள்தான் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். அவள் விரலைச் சப்பிக்கொண்டே யோசித்தாள்.

"கல்யாணம் கொசு வீட்டுல, சாப்பாடு மட்டும் எங்க வீட்டுலயா? நல்ல சம்பந்தம்தாங்க ஐயா."

ஒரு சொல் குறைந்தது

ஆபீசுக்குச் சீட்டு எழுதினேன். என் சீட்டுகளைத் துரை அதிகம் நம்புவதில்லை. இரக்கக்காரன் என்று எனக்குப் பேர். ஆகவே விஞ்ஞானத்தின் துணையை நாடி, "பாரசைட் இன் டிவிஷன்" என்று சுருக்கமாகவும் கம்பீரமாகவும் எழுதினேன். கிருமி பிரிந்துகொண்டிருக்கிறது என்பது பொருள்.

ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி யாழ்ப்பாணத்தவர். என் சீட்டுகளைத் திருத்தி டைப் அடித்துத் துரைக்கு அனுப்புவது அவர் வழக்கம். மாலையில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "கிருமி டிவிஷனிலை இருக்கெண்டு எழுதியிருக்கிறீர். எந்த டிவிஷன் எண்டு எழுதேல்லையே? பெட்டை ரெண்டாவதிலைதானே இருக்கிறாள். நான் ரெண்டு எண்டு போட்டிருக்கிறன். சரியோ?"

எனக்குள் இருந்த வாத்தியார் எழுந்து நின்றார். அவரை உட்காரச் சொன்னேன். திருத்தினால் அது ஒரு பெண்ணின் காய்ச்சல், துரை நம்பமாட்டார். திருத்தாவிட்டால் அது ஒரு டிவிஷனின் காய்ச்சல், துரைக்குப் பயம் வரும். சரிதான் என்றேன். கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இனிமேலாவது வடிவா எழுதும். இங்கிலீஷ் எண்டால் விளக்கம் இருக்க வேணும்."

கசப்பில் பங்கு

வியாழன் காலை துரையே பெரட்டுக் களத்துக்கு வந்தார். அஞ்சலை போர்வையைச் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றாள். பேர் கூப்பிட்டு முடிவதற்குள் அவள் பல் தந்தி அடிக்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கிராணியின் கடிதத்தைப் படித்திருந்த துரை மூன்றடி பின்னால் நகர்ந்துகொண்டார். இரண்டாம் டிவிஷனில் காய்ச்சல் தீரும்வரை யார் பேரையும் வெட்டக் கூடாது. இருக்கிற கொயினா முழுவதும் அங்கேயே போகட்டும். கங்காணி உட்பட ஒவ்வொருவரும் டிரசர் முன்னால் நின்று விழுங்க வேண்டும். இதுதான் உத்தரவு.

அஞ்சலையைத் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தோம். முத்துக்கருப்பனுக்கு வாழ்நாளில் ஒரு காய்ச்சலும் வந்ததில்லையாம். ஒரு கரண்டி கொயினாவை விழுங்கி, முகம் கோணி, நாக்கை வேட்டித் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"பூச்சி அவ ஒடம்புல பிரிஞ்சுச்சு. கசப்புல மட்டும் எனக்கு எப்படிங்க பங்கு வந்துச்சு?"

இரண்டு வாரத்தில் அஞ்சலை தன் மரங்களுக்குத் திரும்பினாள், நான் திருத்தாமல் விட்ட சீட்டால் கொயினா கிடைக்காத முதல் டிவிஷனிலிருந்து நான்கு பேரை அந்த வாரம் போர்வையோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள்.