வலி போன கால்

எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். பால்காரர் ஊற்றும் பாலை விரலில் தொட்டுப் பார்ப்பேன். பஸ் வரும் நேரத்தை ஒருவர் சொன்னால் இன்னொருவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்வேன். பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் வீட்டில் இப்படி ஒருத்தி பிறந்திருக்கவே கூடாது என்பாள் அக்கா. அவள் எனக்கு நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் அவளுக்கு வலது காலில் வலி வந்தது. முழங்காலுக்குக் கீழே தீயாய் எரிகிறது, பாதத்தில் எறும்பு ஊர்கிறது என்று சொல்வாள். வீக்கமில்லை, காயமில்லை. கணுக்காலுக்கு மேலே வெளிறிய ஒரு தேமல் இருந்தது, அவ்வளவுதான். அப்போது நாங்கள் இருவரும்தான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிருத்திகைக்குக் கூட்டம் நெரியும் நாளாகப் பார்த்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்று முடிவுகட்டினேன். அதை மனதோடு வைத்துக்கொள்ளவும் எனக்குத் தெரியவில்லை.

"சோலி வந்தா மட்டும் ஒனக்குக் கால் வலிக்குமாக்கும்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

அவள் அழுதாள். டாக்டரிடம் ஒருமுறை காட்டலாமா என்று கேட்டாள். இல்லாத நோய்க்கு எதற்கு டாக்டர் என்று நான்தான் தட்டிக்கழித்தேன்.

அதன்பிறகு அவள் முருகனைப் பிடித்துக்கொண்டாள். மலைமேல் சாமிக்கு இரவில் சாத்தும் சந்தனத்தைக் காலையில் எடுத்துப் பிரசாதமாகத் தருவார்கள். தீராத நோயையும் அது தீர்க்கும் என்பது ஊர் நம்பிக்கை. மலையில் பணிசெய்த எங்கள் சித்தப்பா தினமும் துளிச் சந்தனத்தை இலையில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். சாமி சந்தனத்தைக் காலில் பூசலாமா? அக்கா நெற்றியில் கொஞ்சம் இட்டுக்கொண்டு மீதியை விழுங்கிவிடுவாள். ஒரு மண்டலம் அப்படி விரதம்.

எனக்குச் சித்தப்பாமேலும் சந்தேகம். கடைத்தெருச் சந்தனத்தை உரசி மடித்துத் தருகிறாரோ என்று ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாகப் படியேறிப் போய்த் தூண் மறைவில் நின்றேன். மனுஷர் எல்லோரோடும் வரிசையில் நின்று வாங்கினார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், மடித்து இடுப்பில் செருகினார். வெட்கமாகத்தான் இருந்தது.

மண்டலம் முடிவதற்குள் வலி போய்விட்டது. குறையவில்லை, அடியோடு போய்விட்டது. தெருவே வந்து பார்த்தது. சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இப்பவாச்சும் நம்புறியாடி?" என்று அக்கா கேட்டாள். வந்ததே பொய், அது போனதில் என்ன அதிசயம் என்று நினைத்துக்கொண்டு, நான் வியாபாரத்தைக் கவனித்தேன்.

சித்திரையில் அக்கினி நட்சத்திரம் வந்தது. அந்த நாட்களில் எங்கள் ஊர்ப் பெண்கள் கடம்பம்பூவைச் சூடிக்கொண்டு மலையைச் சுற்றி வருவார்கள். அக்கா வேண்டுதலுக்காகச் சுற்றினாள், துணைக்கு நானும் போனேன். சுற்றி முடித்து மலையேறி, கும்பிட்டு இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. படிக்கல் கொதித்தது. எல்லோரும் நிழலைத் தேடித் தத்திக்கொண்டு ஓடினோம். அக்கா மட்டும் நிதானமாக வந்தாள்.

"ஏம்மா, ஒங்களுக்குக் கால் சுடலையா?" என்று பின்னால் வந்த ஒரு பெண் கேட்டாள்.

"முருகன் பாத்துக்கிறான்" என்றாள் அக்கா. அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டே விட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலில் ஏதாவது தடவியிருக்கிறாளோ என்று குனிந்து கவனித்தேன். இடது கால் கல்லில் பட்டதும் படாததுமாக எழும்பியது. வலது கால் முழுசாகப் பதிந்து, மெதுவாக எழுந்தது. ஒரே உடம்பில் ஒரு காலுக்கு மட்டும்தான் அருளா என்று கேலியாக நினைத்தேன். அந்தக் கேலி அடிவாரம் வந்துசேரும்வரைகூட நிலைக்கவில்லை. என்னமோ சரியில்லை என்று பட்டது.

வீட்டில் அவள் காலை நீட்டி உட்கார்ந்து, கூட்டத்தில் பார்த்தவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். வலது பாதம் முழுக்கக் கொப்புளம். ஒன்று உடைந்து தோல் தொங்கியது. அவளுக்குத் தெரியவே இல்லை. நான் என் ரவிக்கையிலிருந்த ஊக்கைக் கழற்றி அவள் குதிகாலில் குத்தினேன். ரத்தம் துளிர்த்தது. அவள் பேச்சை நிறுத்தவில்லை.

உள்ளூரில் காட்டினால் சேதி பரவும் என்று, வத்தலக்குண்டு போய் பஸ் மாறிக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போனேன். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, தேமலிலும் பாதத்திலும் பஞ்சால் தொட்டார், ஊசியால் தொட்டார். தொட்ட இடத்தைச் சொல்லச் சொன்னார். அக்கா கண்ணை மூடியபடி, அவர் எப்போது தொடுவார் என்று காத்துக்கொண்டே இருந்தாள்.

பெருவியாதி என்றார், குஷ்டம்.

"டேப்லெட் இருக்கும்மா, பயப்படாதீங்க. நோய் நின்னுடும். ஆனா செத்துப்போன நரம்பு திரும்ப வராது. இனிமே இந்தக் கால்ல முள்ளு குத்துனாலும் தெரியாது, தீ பட்டாலும் தெரியாது. புண்ணு வந்து பாதமே போயிடும், தெனமும் பாத்துக்கணும்" என்றார். பிறகு குரல் மாறியது. "வலிச்சுதுன்னு சொல்றீங்களே, அப்போ நரம்பு உயிரோட இருந்துச்சு. அப்பவே வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம். ஏன் வரலை?"

சொல்ல வேண்டியவள் நான்தான். வாயைத் திறக்கவும் செய்தேன்.

அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "எந்தங்கச்சி அப்பவே கூப்பிட்டா. நாந்தான் சாமி இருக்காருன்னு வரமாட்டேன்னுட்டேன்."

டாக்டர் மூடநம்பிக்கையைப் பற்றி அவளை வெகுநேரம் திட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.