அக்கா கொடுக்காத அழைப்பாணை

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களில் பலருக்கு அவரை வீட்டுப் பத்திரம் முடித்துக்கொடுத்த சட்டத்தரணியாகத்தான் தெரியும். அவர் விரும்பிச் செய்த வேலை வேறு. அதைத் தம்பியாகிய நான் சொல்லாவிட்டால் சொல்ல ஆளில்லை.

அக்கா சாவகச்சேரியில் தபாலதிபர் ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தார். கொழும்பில் சட்டத்தொழில் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் எண்பத்துமூன்றுக் கலவரம் வந்தது. தப்பிக் கனடாவுக்கு வந்த நாங்கள் இருவரும் பார்க்டேல் என்ற பகுதியில் ஓர் அறையில் இருந்தோம். முதியோர் இல்லமொன்றில் துணி துவைத்துக்கொண்டே அவர் மறுபடியும் பரீட்சைகள் எழுதினார். தொழிற்சாலைகளுக்குப் புகை, கழிவு அனுமதிகள் எடுத்துக்கொடுக்கும் நிறுவனம் ஒன்றுதான் அவருக்குப் பயிற்சிக்கு இடம் கொடுத்தது. அந்தச் சட்டங்களை அங்கே கற்றார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மில்லிக்கன் பகுதியில், ஒரு கடைத்தொகுதியின் மாடியில், சொந்தமாகச் சட்டக் கந்தோர் திறந்தார். நான் அவருக்குத் தட்டச்சு செய்தேன்.

உலோகத்துக்கு வர்ணம் பூசும் தொழிற்சாலை ஒன்று கூடுதலாகப் புகைவிட அனுமதி பெற்றது. அதன் பின்தெருவில் இருந்த எங்கள் ஆட்கள், இருமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அக்காவிடம் வந்தார்கள். அக்கா அந்த அனுமதிக்கு எதிராக மேன்முறையீடு செய்தார். புகைவடிகட்டி பல மாதங்களாக வேலை செய்யவில்லை என்று உள்ளே வேலை செய்த தமிழர் ஒருவர் சொன்னார். வழக்கே அந்தச் சாட்சியில்தான் நின்றது.

விசாரணைக்கு முதல்நாள் அந்தச் சாட்சிக்காரர் கந்தோருக்கு வந்தார். கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார்:

“அக்கா, நான் வந்து சொல்லமாட்டன். மனுசியும் பிள்ளையளும் இன்னும் கொழும்பில நிக்கினம். வேலை போனா அவையை ஸ்பொன்சர் பண்ணி இஞ்ச கூப்பிடேலாது.”

“விளங்குது. நீங்கள் போங்கோ.”

அவரைச் சாட்சிக்கு அழைக்கும் அழைப்பாணை என் மேசையில் தயாராக இருந்தது. கையில் கொடுத்தால் அவர் வந்தே ஆகவேண்டும்.

“குடுப்பமே?” என்று கேட்டேன்.

“குடுத்தா வருவார். உண்மையும் சொல்லுவார். பிறகு அந்தப் பிள்ளையளின்ர கதி?”

“இஞ்ச இருமுற பிள்ளையளின்ர கதி?”

அக்கா அழைப்பாணையை எடுத்துத் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

வழக்குத் தோற்றது. அக்கா தொழிற்சாலைக்காரருக்கு விலைபோய்விட்டார் என்று பேசினார்கள். மறுத்தால் அந்த மனிதரைக் காட்டிக்கொடுக்க வேண்டிவரும் என்பதால் அக்கா வாயே திறக்கவில்லை. பெயரில்லாமல் இதை எழுத அந்த மனிதர் இப்போது சம்மதித்திருக்கிறார்.

அடுத்த ஆண்டு அவருடைய குடும்பம் வந்து சேர்ந்தது. வேலைக்கு நடந்து போகலாம் என்று அதே பின்தெருவில் வாடகைக்கு வீடெடுத்தார். நான் வந்து சொன்னபோது அக்கா, “அங்கேயோ?” என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகும் இதுபோல இரண்டு வழக்குகளை எடுத்தார். இரண்டும் தோற்றன.

அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தபோது பிந்திவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒருநாள் கேட்டார்:

“அந்த அழைப்பாணையைக் குடுத்திருந்தா வழக்கை வெண்டிருப்பம், என்ன?”

“ஓம்” என்றேன். இல்லையென்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வரவில்லை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், இறுதிக் கிரியைகளை நடத்தித் தந்த குருக்கள் ஐயாவுக்கும், சமைத்துக் கொண்டுவந்த உறவினருக்கும் எங்கள் நன்றி. இறுதிச் சடங்குக்குப் பின்தெருவிலிருந்து பதினொருபேர் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் நன்றி. அவர்களில் ஓர் அம்மா என் கையைப் பிடித்து, “இனி நாங்கள் ஆரிட்டப் போறது, தம்பி?” என்று கேட்டார்.

ஓராண்டாகிறது. அக்காவின் வழக்குக் கோப்புகளைப் பொறுப்பேற்க நான் கேட்டுப் பார்த்த சட்டத்தரணிகள் ஒருவரும் முன்வரவில்லை.