முன் ஷாஃப்டைப் பற்றி நான் கேட்கவில்லை

போன வாரம் தேனியில் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஒரு புது ஜீப் வந்தது. டயர் என் இடுப்பு உயரம். ஓட்டி வந்தவர் மேகமலைக்குப் போய் வீடியோ எடுக்கிறவராம். "டயர் மாத்துனதுலருந்து வண்டி இழுக்க மாட்டேங்குதுண்ணே" என்றார். நான் முதலில் கேட்டது இதுதான்: "முன் ஷாஃப்ட் மாட்டியிருக்கா, கழட்டிப் போட்டிருக்கா?"

"அத யாருண்ணே கழட்டுவாக?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

கழற்றினார்கள். முன்பெல்லாம் இந்தப் பக்கம் ஜீப் ஓட்டியவர்கள் ஒருவர் விடாமல் கழற்றினார்கள். இன்ஜின் இழுவையை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு அது. அது சுற்றினால் டீசல் வீணாகிறது என்று அவிழ்த்து, சாக்கில் சுருட்டி, பின் சீட்டுக்கு அடியில் போட்டுவிடுவார்கள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியை வாங்கி இரண்டு சக்கரத்தில் ஓட்டிய ஊர் இது. மேட்டில் குலுங்கும்போது சீட்டுக்கு அடியில் அது கடகடவென்று உருளும். சத்தத்தை வைத்தே யார் ஜீப் என்று சொல்லிவிடலாம்.

பக்கத்துப் பட்டறை மெக்கானிக் வந்து பின் அச்சின் அடியில் எண்ணெய் வடிக்கும் திருகைத் திறந்தார். கியர் ஆயில் வாடை கடைக்குள் வந்தது. அழுகிய முட்டையில் கந்தகத்தைக் கலந்த மாதிரி இருக்கும். கல்யாணமான புதிதில் இந்த வாடைக்குப் பயந்து என் மனைவி எனக்கு மட்டும் தனித் துண்டு போட்டாள். இன்னும் அதே ஏற்பாடுதான். எனக்கு இந்த வாடை வந்தால் முருகேசன் அண்ணன் நினைவு வரும். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பஜாரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டரில் நின்றேன். முருகேசன் சின்னமனூர்க்காரர். சொந்த ஜீப்பில் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போவார். ரோட்டில் கல் நீட்டிக்கொண்டு அடியில் இடித்ததால் பெரிய டயர் மாட்டினார். ஒரே வருடத்தில் மூன்றாவது முறையாக கிளட்ச் பிளேட் கேட்டு வந்தார்.

"பிளேட்டு நல்லாத்தேன் இருக்கு. உங்க டயருதான் அதத் தின்னுது" என்றேன்.

"டயரு என்னப்பா தின்னும்? மாடா அது?"

எனக்குக் கணக்கு வரும் என்கிற திமிர் அப்போது நிறைய. பழைய டயரில் சாக்பீஸால் கோடு போட்டு ரோட்டில் ஒரு சுற்று உருட்டினேன். பிறகு புது டயரை உருட்டினேன். ஒரு சுற்றுக்கு அது ஒரு சாண் கூடவே போனது. பெரிய சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் தூரம் தள்ள வேண்டும், இன்ஜினோ அதேதான். அதனால் திணறுகிறது. பின் அச்சுக்குள் ஒரு பெரிய பல்சக்கரமும் அதைச் சுற்றிவிடும் சின்னதும் இருக்கும். கிரவுன், பினியன் என்போம். அவர் வண்டியில் முப்பத்தொன்பது பல்லுக்கு எட்டுப் பல். டயர் எவ்வளவு பெருத்ததோ அதே அளவு இந்த விகிதமும் ஏற வேண்டும். இருபத்தெட்டு அங்குலம் முப்பத்தொன்று ஆகியிருந்தது. பெருக்கிப் பார்த்தேன். நாற்பத்துமூன்றுக்கு எட்டு கச்சிதமாக வந்தது. மதுரையிலிருந்து ஒரு செட் வரவழைத்துக் கொடுத்தேன்.

ஒரு செட். இதைக் கவனியுங்கள். நாலு சக்கர வண்டிக்கு முன்னாலும் ஓர் அச்சு உண்டு, அதற்குள்ளும் ஒரு கிரவுன் உண்டு. ஆனால் எங்கள் பக்கம் கிரவுன் என்றால் பின் கிரவுன்தான். உடைந்தால் அதே பல் எண்ணிக்கையில் இன்னொன்று வாங்குவார்கள், அவ்வளவுதான். முன்னால் இருப்பதை யாரும் கேட்டதில்லை, நானும் விற்றதில்லை.

வண்டி பறந்தது. பத்துப் பேரோடு முதல் கியரில் நின்று நிதானமாக ஏறியதாம். ஒரு கூடை பன்னீர் திராட்சை கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். "கணக்குப் புள்ளடா நீ" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. திராட்சையை முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போனார், அது வேறு விஷயம்.

அந்த வருடம் மலை மேல் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கு மழைக்காலம் முழுவதும் அரிசி ஏற்ற எஸ்டேட் ஆள் தேடியது. அந்த வேலை கிடைத்தால் மழையில் அவர் வண்டி சும்மா நிற்காது. ஒரு லோடு ஏற்றிக் காட்டச் சொன்னார்கள். முருகேசன் பொறுப்பான மனிதர். சேறாக இருக்குமே என்று, பல வருடமாக சீட்டுக்கு அடியில் கிடந்த முன் ஷாஃப்டை எடுத்து மாட்டினார்.

சேற்றில் போனது. சக்கரம் வழுக்குகிற இடத்தில் முன்னும் பின்னும் வெவ்வேறு கணக்கில் சுற்றினாலும் சமாளிக்கும். பாறை மேல் ஏறியதும் வழுக்க இடமில்லை. பின்னால் நான் கொடுத்த புது விகிதம், முன்னால் பழையது; பின் சக்கரம் ஒரு வேகம் கேட்டது, முன் சக்கரம் இன்னொரு வேகம் கேட்டது. பிரேக் பிடித்த மாதிரி வண்டி நின்றது. பாரம்தான் காரணம் என்று இவர் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் கியர்ப் பெட்டி வெடித்தது. அரிசியை டிராக்டர் வந்து எடுத்துப் போனது. வேலையும் டிராக்டர்க்காரருக்கே போனது.

மூன்றாம் நாள் உடைந்த பல்லைக் கொண்டுவந்து கவுண்டரில் கொட்டினார்.

"முன்னாடிக்கும் ஒண்ணு வேணும்னு ஒரு வார்த்த சொன்னா ஒன் வாயில முத்தா உதிரும்?"

"ஷாஃப்ட்ட மாட்டப்போறேன்னு நீங்க சொல்லலையேண்ணே."

"நீ கேக்கலயேப்பா."

முதலாளி உள்ளிருந்தபடியே, "வித்தது வித்ததுதேன், அவர அனுப்பு" என்றார். அனுப்பினேன். அந்த முதலாளியை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அவர் சொன்னதைக் கேட்டு முருகேசனை அனுப்பியவன் நான்தான்.

சில வருடம் முன்பு சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் முருகேசனைப் பார்த்தேன். ஜீப்பை எப்போதோ இரும்புக்குப் போட்டுவிட்டாராம். மேலே லயனில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, யாருக்கு ஓட்ட என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்ப கேட்டுட்டுத்தேன் விக்கிறியா?"

"ஆமாண்ணே. எல்லார்ட்டயும் கேக்குறேன்."

"ஷாஃப்ட்ட அவுத்துப் போட்டு ஓட்டுறவன் எவன் இருக்கான் இப்ப?" என்று சிரித்தார். கம்பம் பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

வீடியோக்காரருக்கு முன்னால் ஒரு செட், பின்னால் ஒரு செட் என்று எழுதிக் கொடுத்தேன். போனில் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். என்னுடையதும் அதுவும் ஒன்றுதான். ஷாஃப்டை ஏன் கேட்டேன் என்று மட்டும் அவர் திரும்பக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.