திவசச் சோற்றில் மீன் சினை

திவசச் சோற்றில் நான் மீன் வைத்தேன். ஓம், தெரிந்துதான் வைத்தேன். மறதியிலும் இல்லை, கை தவறியும் இல்லை. ஒஸ்லோவில் எங்கள் ஆட்கள் இதை ஆளுக்கொரு விதமாகக் கதைப்பதாகக் கேள்வி. அவர்களுக்கு ஏன் சிரமம், நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில், மீன் தொழிற்சாலையில் பதினொரு வருடம் மீன் வெட்டியவர். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து பஸ் ஓட்டினார். அவ்வளவு மீனை வெட்டிய மனிதருக்கு மீன் என்றாலே வெறுத்திருக்க வேண்டும். அவருக்கோ மீன் இல்லாமல் சோறு இறங்காது. வெள்ளிக்கிழமை சைவம் என்றால் வியாழக்கிழமையே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். சிறுநீரகம் பழுதானபோது, மீன் கொஞ்சமாகச் சாப்பிடலாம் என்றார் டாக்டர். அந்தக் கொஞ்சத்தை இல்லை என்று ஆக்கியது நான்தான். பயம். சாவதற்கு முந்தின கிழமையிலும் கேட்டார். "ஒரு துண்டு, குழம்போடை" என்றார். நான் கொடுக்கவில்லை.

நோயோடு இருந்த நாட்களில் அவர் ஆசையாகப் போன ஒரே இடம், திராமன் நகருக்குப் பக்கத்தில் ஆற்றோரமாக இருக்கும் சல்மன் மீன் குஞ்சு பொரிக்கும் நிலையம். ஆற்றில் ஏறி வரும் மீனைப் பிடித்து, சினையை எடுத்து, தட்டுகளில் பரப்பிக் குஞ்சாக்கி, திரும்ப ஆற்றிலேயே விடுவார்கள். செம்மஞ்சள் முட்டைக்குள் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரியும். "நான் கண்டதெல்லாம் செத்த மீன். இஞ்சை பார், கண் முழிச்சுப் பாக்குது" என்பார்.

ஆனால் உள்ளே நின்றதைவிட அவர் வெளியே இருந்ததுதான் கூட. தொட்டித் தண்ணீர் குழாய் வழியாக ஆற்றில் விழும் இடம் குளிர்காலத்திலும் உறையாது. அங்கே ஒரு சாம்பல் நாரை, கந்தோருக்கு நேரத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டவர் மாதிரி ஒற்றைக் காலில் நிற்கும். மார்பு மட்டும் வெள்ளையான சின்னக் கறுப்புக் குருவி ஒன்று பனிக்கட்டியின் விளிம்பிலிருந்து தண்ணீருக்குள் குதித்து, அடியில் நடந்து திரிந்து, எதையாவது கவ்விக்கொண்டு வெளியே வரும். ஒரு நாள் கீரி மாதிரி ஒன்று குழாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, எங்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. கூரை நிறையக் காகங்கள். அவர் கவிழ்த்த மீன்பெட்டியில் உட்கார்ந்துகொண்டு சொல்வார்: "எல்லாரும் பந்திக்கு வந்திட்டினம். எனக்குத்தான் இலை போடேல்லை." நான் சிரிக்கவில்லை. எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

ஆண்டுத் திவசம் தை மாதத்தில் வந்தது. ஒஸ்லோவின் பியோர்ண்டாலில் எங்கள் மாடியிலிருந்து பறவைகளுக்குச் சாப்பாடு போடக்கூடாது, எலி வரும் என்று குடியிருப்புச் சபை ஏற்கெனவே கடிதம் போட்டிருந்தது. கடிதம் கிடக்கட்டும் என்று பால்கனியில் சோறு வைத்தேன். காகம் எடுத்தால்தான் நாங்கள் சாப்பிடலாம். ஒரு மணித்தியாலமாக ஒரு காகமும் வரவில்லை, சோறுதான் கல்லாக உறைந்தது. கணவரின் அக்கா, என் மச்சாள், கதவடியில் நின்றபடி சொன்னார்: "தம்பி கோவத்தோடைதான் போனவன். என்ன கோவம் எண்டு உமக்குத் தெரியும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பானையைத் தூக்கி எறிந்திருப்பேன். எறியாமல் சோற்றையும் மரக்கறிகளையும் ஒரு டப்பாவில் போட்டு மூடி, இலையையும் எடுத்துக்கொண்டேன்.

"அம்மா, ஒரு காகத்துக்காகத் திராமன் வரைக்குமா?" என்றாள் மகள்.

"ஓம், காகத்துக்காகத்தான். காரை எடு."

மச்சாளும் வந்தார். நான் தோற்பதைப் பார்க்கத்தான் வந்தார் என்று அப்போது நினைத்தேன்.

நிலையத்தின் குழாயடியில் ஒரு கல்லில் பனியைத் தட்டிவிட்டு இலையைப் போட்டுச் சோற்றை வைத்தேன். காகங்கள் இறங்கி வந்தன. மச்சாள் அவற்றை மேலும் கீழும் பார்த்தார். "இது காகமே? அரைவாசி சாம்பலாக் கிடக்கு."

"இந்தக் குளிருக்குள்ளை கிடந்தா ஆர்தான் நரைக்காயினம்? நீங்களும் நானும் நரைக்கேல்லையே மச்சாள்?" என்றேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காகங்கள் சோற்றைப் பார்த்தன, பருப்பைப் பார்த்தன, திரும்பிப் போய்க் கூரையில் ஏறிக்கொண்டன. நாரை தலையைக்கூடத் திருப்பவில்லை. மச்சாள் கூரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. கண்ணீர் வரப் பார்த்தது. வராதே என்று அதையும் அதட்டினேன்.

அப்போது நிலையத்தில் வேலை செய்யும் பெண் ஒரு வாளியோடு வெளியே வந்தாள். தட்டுகளில் செத்து வெளுத்துப்போன முட்டைகளை நாள்தோறும் பொறுக்கி எடுப்பது அவள் வேலை. என்னை அடையாளம் கண்டு, பஸ்காரரை ஒரு வருடமாகக் காணவில்லையே என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"இன்றைக்கு வந்திருக்கிறார்" என்றேன் அதே மொழியில். "ஆனால் மீன் இல்லாமல் சாப்பிட மாட்டார்."

அவள் இலையைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். கழிவுத் தொட்டிக்குத்தான் இது போகவேண்டும், ஒரு கரண்டி மட்டும் என்று வாளியை நீட்டினாள்.

மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "திவசத்துச் சைவச் சோத்திலை மச்சமோ! பாவம் கிடைக்கும்."

"கிடைக்கட்டும். எனக்குத்தானே கிடைக்கப் போகுது. விடுங்கோ."

சினையைச் சோற்றின் மேல் கொட்டிவிட்டு நான்கடி தள்ளி நின்றேன். பெரிய காகம் ஒன்று இறங்கியது. சோற்றை அலகால் ஒதுக்கிவிட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தது. அவசரமே இல்லை. மற்றவை வந்தபோது சிறகை விரித்து விரட்டியது. எனக்குப் பின்னால் மச்சாளின் குரல் உடைந்து கேட்டது: "சின்னனிலையும் உப்பிடித்தான். சோத்தைத் தள்ளிப்போட்டு மீனைத்தான் தின்னுவான்."

நான் குனிந்து காகத்திடம் சொன்னேன். "இஞ்சேருங்கோ, ஒரு துண்டுதானே கேட்டனீங்கள். பயந்துபோய்த் தராமல் விட்டிட்டன். பிழைதான். இப்ப சாப்பிடுங்கோ."

வீட்டுக்கு வந்து எல்லோரும் சாப்பிட்டோம். மச்சாள் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார். அடுத்த நாளே கோயிலில் கதை பரவிவிட்டது. அவர்தான் சொல்லியிருப்பார், வேறு யார்? சொல்லட்டும். நான் மன்னிப்புக் கேட்கவேண்டியவரிடம் கேட்டுவிட்டேன். அடுத்த திவசத்துக்கும் திராமனுக்குத்தான் போகிறேன். அப்போது யாருடைய வாளியையும் எதிர்பார்த்து நிற்கமாட்டேன். வீட்டிலேயே சமைத்துக்கொண்டு போவேன். ஒரு துண்டு, குழம்போடு.