நாற்பத்து மூன்றாவது கேள்வி

அறுபதுகளின் கடைசியில் சென்னையில் பெண்கள் விடுதியில் தங்கி எம்.ஏ. சமூகவியல் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்காகத் திருப்பூரை ஒட்டிய வேலம்பாளையத்தில் அறுபது தொழிலாளர் குடும்பங்களைக் கணக்கெடுத்து வரும்படி பேராசிரியர் அனுப்பினார். எனக்குச் சொந்த ஊர் கணியூர். திருப்பூரில் தாய்மாமா வீடு இருந்ததால் தங்க இடமும் இருந்தது. துறையில் கொடுத்த காக்கித் துணிப்பை, ஸ்டென்சில் வெட்டி உருட்டியெடுத்த கேள்வித்தாள்கள், இரண்டு பென்சில். தாளில் நாற்பத்திரண்டு கேள்விகள். வீட்டுக்காரர்கள் உள்ளே கூப்பிடும்வரை வாசற்படிக்கு வெளியே நின்றுதான் எழுத வேண்டும் என்பது பேராசிரியர் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு.

நான் முதலில் போனது எதிரெதிராக இருபது லைன் வீடுகள் இருந்த ஒரு சந்து. பகல் பதினொரு மணிக்கு அங்கே ஆள் நடமாட்டமே இல்லை. பெரும்பாலானவர்கள் பனியன் கம்பெனிகளுக்குப் போயிருந்தார்கள். மெஷின்கள் ஓடும் இரைச்சல் மட்டும் எங்கிருந்தோ ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. கூரை ஓடுகளிலும் துணிக்கொடியிலும் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. முதல் வீட்டில் பிள்ளை பெற்றுப் பத்து நாளான ஒரு பெண் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, மறுக்காவும் எழுத வந்தீர்களா என்று கேட்டாள். வீடு வீடாக வந்து சுவரில் தேதி எழுதிப்போகும் மலேரியா ஆபீஸ்காரர்களை நினைத்துக்கொண்டு சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது வீட்டில் நடுவயதுப் பெண் ஒருத்தி கழிவுத் துணியிலிருந்து நூல் பிரித்துக்கொண்டிருந்தாள். பெயரும் வயதும் கேட்டு எழுதினேன். அடுத்த கேள்விக்கு நான் வாய் திறப்பதற்குள், தலையை நிமிர்த்தாமலே அவள் சொல்லத் தொடங்கினாள். மூணு பேருங்க. ஓட்டு ஊடுங்க. வாடகைங்க. வெறகுங்க. கெணத்துத் தண்ணிங்க. என் தாளில் இருந்த வரிசை அப்படியே. நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பென்சில் அவள் பின்னால் ஓடியது. நாற்பத்திரண்டும் முடிந்தன. நன்றி சொல்லித் தாளை மடித்தேன்.

"கடைசிக் கேள்வி கேக்கலீங்களே" என்றாள்.

அவ்வளவுதான் என்றேன்.

"இல்லீங்க, இன்னொண்ணு இருக்குதுங்க. நாளைக்குக் காலைல நீங்க இல்லாமப் போயிட்டா மொதல்ல யாருக்குத் தெரியும்னு கேட்டீங்க. யோசிச்சுச் சொல்றேன்னேன். இன்னும் யோசிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன்."

நான் இதற்கு முன் இங்கு வந்ததே இல்லை என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். என் தோளில் இருந்த பையைப் பார்த்தாள்.

"நீங்கதானுங்க. இதே பைதான். இப்படியேதான் வாசப்படிக்கு வெளிய நின்னுட்டு எழுதுனீங்க."

அன்று மாலை மாமா வீட்டில் சாப்பிடும்போது அந்தக் கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நான் இல்லாமல் போனால் கணியூருக்குப் போய்விட்டேன் என்று மாமா நினைப்பார். திருப்பூரில் இருப்பதாக அப்பா நினைப்பார். சென்னை விடுதிப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே 'களப்பணி' என்று எழுதியிருக்கும். நான் யாருடைய கணக்கிலும் இல்லை. சோற்றில் கை வைத்தபடி அதை யோசித்தது இன்றும் நினைவிருக்கிறது.

அந்த வாரம் முழுவதும் அப்படியே போனது. எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு முன்னால் நான் வந்துவிட்டுப் போயிருந்தேன். சிலர் என்னைச் சொம்புத் தண்ணீருடன் வரவேற்றார்கள். போன தடவை தண்ணீர் கேட்டேனாம். கண் மங்கிய ஒரு பெரியவர், கடைசிக் கேள்விக்கு, முருகனுக்குத்தான் தெரியும் என்று தான் சொன்னதை அடித்துவிடச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி பெயரை எழுத வேண்டுமாம். ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று முறை தட்டும் சத்தம் கேட்டது. பேசிக்கொண்டிருந்த பெண் பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டிச் சுவரை மூன்று முறை தட்டினாள். என்ன அது என்று கேட்டேன். நீங்கள் கேட்டுவிட்டுப் போன நாளிலிருந்து இப்படித்தான், காலையும் மத்தியானமும் தட்டிக்கொள்கிறோம் என்றாள். அதன் பிறகு அந்தச் சந்தில் நடக்கும்போதெல்லாம் பூட்டிய கதவுகளுக்கு நடுவே, வெயிலில், எங்கோ ஒரு சுவரில் அந்தத் தட்டல் கேட்டுக்கொண்டிருந்தது.

எட்டாம் நாள், சந்தின் கடைசி வீட்டை நெருங்கும்போது ஒரு குரல் கேட்டது. "சமையலுக்கு விறகா, கரியா, மண்ணெண்ணெயா?" என் தாளின் ஆறாவது கேள்வி. நின்றேன். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு எட்டிப் பார்த்தேன். வாசற்படிக்கு வெளியே நின்று ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தார். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவராக இருக்கலாம். எண்ணெய் காணாத தலை. தோளில் வெளுத்துப்போன அதே காக்கிப் பை.

அவர் என் பையைப் பார்த்தார். அவருக்கு ஆச்சரியமே இல்லை. எந்த வருஷம் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் அதே துறையில் எனக்கு மூன்று வருஷம் முன்னால் படித்தவர். பேராசிரியர் எல்லா வருஷமும் அதே தாளைத்தான் கொடுத்திருக்கிறார்.

பெருமாநல்லூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போக நாலு மணி பஸ்ஸை எதிர்பார்த்து அவர் சாலையோரம் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அவராகவே சொன்னார். எம்.ஏ. இரண்டாம் ஆண்டு, பொங்கல் விடுமுறையில் விடுதியில் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆய்வேடு எழுத இவர் மட்டும் தங்கியிருக்கிறார். காமாலைக் காய்ச்சல். எழுந்து கதவைத் திறக்கத் தெம்பில்லை. பதிவேட்டில் இவரும் ஊருக்குப் போனதாக எழுதியிருந்தது.

"நாலு நாளுங்க. ஒருத்தரும் கதவைத் தட்டுல. அஞ்சாம் நாள் கூட்டற அம்மாதான் ஜன்னல் வழியாப் பாத்தாங்க. பொறவு நான் அங்க போகவேயில்ல. படிப்பைத்தான் விட்டேன். கேள்வியை விட முடியலீங்க."

எழுதிய தாள்களை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். டிரங்குப் பெட்டி நிறைந்துவிட்டதாம். மேலே கிடப்பவற்றை அண்ணி அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொள்கிறாராம். அதைப் பற்றி அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. பதில்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அதனால் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது என்றார். பிறகு ஒரு புதுத் தாளை எடுத்து, வரிசை எண் போட்டு, என்னைக் கேட்கத் தொடங்கினார். மறுக்கத் தோன்றவில்லை. குடும்பத்தில் எத்தனை பேர், என்ன வீடு, எங்கே தண்ணீர். இத்தனை நாளும் நான் கேட்ட கேள்விகள் என் பக்கம் திரும்பியபோது எவ்வளவு அந்தரங்கமானவை என்று தெரிந்தது. நாற்பத்து மூன்றாவதையும் கேட்டார். அப்பா என்றேன். அவர் எழுதியதைத் தலைகீழாகவே படித்தேன். 'அப்பா என்றார். தாமதித்துச் சொன்னார்.'

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

மீதி வீடுகளுக்கு நான் வேறு சந்து பார்த்துக்கொண்டேன். சென்னைக்குத் திரும்பி, ஆய்வேட்டில் அந்தக் கேள்வியையும் அதற்குக் கிடைத்த பதில்களையும் தனியாக ஒரு பகுதியாக எழுதிக் கொடுத்தேன். இதை எதைக் கொண்டு அளப்பாய் என்று கேட்டு, பேராசிரியர் பக்கம் பக்கமாகச் சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டார். அவரிடம் அந்த மாணவியைப் பற்றிச் சொன்னேன். அப்படியொருத்தி இருந்தாள், பாதியில் நின்றுவிட்டாள் என்றார். முகம் நினைவில்லை என்றார். அந்தப் பகுதியை நீக்கிக் கொடுத்துப் பட்டம் வாங்கினேன். செய்தது ஒன்றுதான். அந்த வருஷம் விடுமுறைகளில் விடுதியில் தங்கியவர்களின் கதவுகளை ஒவ்வொரு காலையும் தட்டினேன். முதலில் சிரித்தார்கள். பிறகு கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள்.

அடுத்த வருஷம் ஒரு கல்லூரியில் எனக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. சேர்வதற்கு முன் அவரைப் பார்க்கப் பெருமாநல்லூர் போனேன். அவள் வேலம்பாளையத்திலேயே ஒரு ஊடு பிடித்துக்கொண்டாள், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறாள் என்றார் அண்ணி. போய்ப் பார்த்தால், அதே சந்துதான். சாயங்காலம் அவர் வேலை விட்டு மற்ற பெண்களோடு பேசிக்கொண்டே வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தார். உடம்பு தேறியிருந்தது. காப்பி போட்டுக் கொடுத்தார். துணியில் நூல் விட்டுப்போன ஓட்டைகளை வெளிச்சத்தில் பிடித்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று வெகுநேரம் விவரமாகச் சொன்னார். நன்றாகத்தான் இருந்தார். நானும் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அவர் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. எங்கிருந்து வருகிறேன் என்றோ, என்ன செய்கிறேன் என்றோ, சாப்பிட்டேனா என்றோகூடக் கேட்கவில்லை. விடைபெறும்போது என் பெயரை மறந்துவிட்டாரோ என்று சந்தேகம் வந்தது. கேட்கப் பயந்துகொண்டு பஸ் ஏறினேன்.