வலக் காதின் டிரான்ஸ்

என் முதல் தமிழ்ச் சொற்பொழிவை மலையாள எழுத்தில் எழுதி வைத்துத்தான் மனப்பாடம் செய்தேன். மட்டாஞ்சேரியில் வளரும் தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதுமையல்ல. வாய்க்கு ஒரு மொழி, கைக்கு இன்னொன்று. பிறகு மேடைக்காகவே தமிழ் எழுத்தைக் கற்றேன். எதிரணியின் சொல்லை வாங்கி எதிரணிக்கே திருப்பித் தரும் கலையையும் கற்றேன். கோப்பைகள் வந்தன. ஆனால் நான் மிகவும் நேசித்த இசையைப் பற்றிப் பேச இந்த ஊரில் எனக்குக் கிடைத்தவன் ஒரே ஒருவன்.

அவன் பஜாரில் சுக்கும் மிளகும் விற்கும் ராவுத்தர் குடும்பத்துப் பிள்ளை, என் வயதுதான். நான் எறணாகுளத்தில் சட்டம் படிக்கிறேன், அவன் அத்தாவின் கடையில் நிற்கிறான். எங்களைச் சேர்த்தது டிரான்ஸ்: கணினியில் பிறந்து, ஒரே தாளத்தில் நெடுநேரம் ஓடும் இசை. "மிக்ஸி ஓடுதா, உன் பாட்டு ஓடுதான்னு எட்டிப் பார்த்துதான் தெரிஞ்சுக்கணும்" என்பாள் என் அம்மா. வெளியே நிற்பவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். உள்ளே வந்தவர்களோ ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வகைப் பெயர் சூட்டாமல் உறங்க மாட்டார்கள்.

எனக்குரிய வகை அப்லிஃப்டிங். அதில் மெட்டுதான் தலைமை. நடுவே தாளம் நின்றுவிடும், மெட்டு மட்டும் தனியே ஏறும், பிறகு தாளம் திரும்பி வரும்போது நெஞ்சு நிறையும். அவனுக்குரியது சைட்ரான்ஸ். அடியில் குதிரைப் பாய்ச்சல், மேலே 'ஆசிட்' என்று நாங்கள் அழைக்கும், புழுவைப்போல் நெளியும் ஒரு சத்தம். முன்னது மனத்துக்கானது, பின்னது காலுக்கானது, ஆகவே தரத்தில் முன்னதே உயர்ந்தது என்பது என் நிலைப்பாடு.

"உனக்கு அழுதாத்தான்டா நல்ல பாட்டு" என்பான் அவன். "உனக்கு டிரான்ஸ் வேண்டா, மய்யத்து வீடு போதும்."

"உனக்கு மாவு மில் போதும்."

"ஆமா. மில்லுல சோறாவது கிட்டும்."

ஞாயிறு மாலைகளில் போர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்கு ஜங்காரில் போவோம். வண்டிகளையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிக் கழிமுகத்தைக் கடக்கும் படகு அது. எங்களுக்கு அக்கரையில் ஒரு வேலையும் இல்லை. அவனுடைய இயர்போன் ஒன்று. இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அவனுக்கு. ஒரு பாட்டு முடிவதற்குள் வைப்பின் வந்துவிடும். ஸ்கூட்டர்கள் உறுமிக்கொண்டு இறங்கும்போது, அந்த இயர்போன் கம்பியால் கட்டுண்டவர்களாய் நாங்கள் மெல்ல நடந்து கரையேறி, மிச்சத்தைக் கேட்டுவிட்டு அடுத்த ஜங்காரில் திரும்புவோம். அந்த வாரத்துப் பாட்டு எந்த வகை, என்ன தரம் என்பதைத் திரும்பும் வழியில் தீர்ப்போம். தீர்ந்ததே இல்லை. எனக்கு அந்த வாரத்தில் வேறு உரையாடல் எதுவும் தேவைப்பட்டதில்லை.

கொச்சியில் டிரான்ஸ் கேட்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. யாரோ ஒரு புதியவர் இணையத்தில் ஏற்றிய பாட்டொன்றை, ஜங்காரில் நாங்கள் கேட்டு முடித்த அடுத்த நாள், அவன் அதில் 'அசல் சைட்ரான்ஸ்' என்று எழுதிப் பகிர்ந்தான். அப்லிஃப்டிங் என்று நான் மறுத்தேன். குழு இரண்டாகப் பிரிந்தது. கடைசியில், சுலைமானித் தேநீர்க் கடையில் கூடி நேருக்கு நேர் பேசித் தீர்ப்பதென்று முடிவாயிற்று.

மேடை என்றால் நான் தயாரிக்காமல் போவதில்லை. அந்தப் பாட்டை வாரம் முழுவதும் வீட்டில் கேட்டேன். என் இயர்போனில் வலப்பக்கம் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதை நான் ஒரு குறையாகக் கருதியதே இல்லை. டிரான்ஸை ஒற்றைக் காதால் கேட்பதுதான் எனக்கு இயல்பாகிவிட்டிருந்தது.

கடையில் எழுந்து நின்றே பேசினேன். மெட்டு ஏறுவதைச் சொன்னேன், தாளம் நின்று திரும்புவதைச் சொன்னேன், மிளகு மூட்டையில் ஏலக்காய் என்று எழுதிவிட்டால் மணம் மாறிவிடுமா என்று கேட்டேன். சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

பிறகு அவன் உட்கார்ந்தபடியே கேட்டான். "எல்லாம் சரி. அந்த ஆசிட்டு? ஆரம்பம் தொட்டு கடைசி வரை ஓடுதே, நீ கேக்கலியா?"

"இல்லாததைக் கேட்கும் காது எனக்கு வாய்க்கவில்லை" என்றேன்.

மேசையைத் தட்டினார்கள். ஒருவர் தம் போனில் பாட்டைப் போட்டார். பால் காயும் இரைச்சலிலும் கண்ணாடித் தம்ளர்களின் சத்தத்திலும் மெட்டு மட்டுமே கேட்டது.

"வக்கீல் ஜெயிச்சு!" என்றார் அவர். "சேட்டா, வக்கீலுக்கு ஒரு பழம்பொரி."

"நான் கேட்டேன்டா. சத்தியமா கேட்டேன்" என்றான் அவன், என்னிடம் மட்டும், தணிந்த குரலில். நான் அந்த வாழைப்பழ பஜ்ஜியை வாங்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு அத்தா கடையில் ஆளில்லை என்றான். அதற்கடுத்து பள்ளுருத்தியில் மாமா வீட்டு விசேஷம். பிறகு காரணம் சொல்வதை நிறுத்தினான். நான் கேட்பதையும் நிறுத்தினேன். குழுவில் மற்றவர்களும் மெல்ல வேறு இசைக்கும் வேறு பேச்சுக்கும் போய்விட்டார்கள். நான் எழுதும் நீண்ட விமர்சனங்களுக்குக் கீழே ஒரு கட்டைவிரல்கூட முளைப்பதில்லை. மறுப்பதற்குக்கூட ஆளில்லாத சபையில் வாதத்துக்கு என்ன பொருள்?

இந்த மழைக்காலத்தில்தான் புதிய ஹெட்போன் வாங்கினேன், இரு காதுகளையும் முழுதாக மூடுவது. எதையெதையோ கேட்டுவிட்டு அந்தப் பாட்டையும் போட்டேன். இடப்பக்கம் நான் நன்கறிந்த மெட்டு ஏறியது. வலப்பக்கம் அந்தப் புழு நெளிந்தது. தொடக்கம் முதல் முடிவு வரை, வலப்பக்கத்தில் மட்டும். பாட்டை அமைத்த புதியவர் மெட்டை ஒரு காதிலும் ஆசிட்டை மறு காதிலும் வைத்துவிட்டிருந்தார். ஜங்காரில் நாங்கள் தோளோடு தோள் நின்று வெவ்வேறு பாட்டுகளைக் கேட்டிருக்கிறோம்.

உடனே எழுதினேன்: "வலப்பக்கத்தில் ஆசிட் இருக்கிறது. நீ கேட்டது உண்மை. இரண்டையும் சேர்த்துக் கேட்டாலும் பாட்டு அப்லிஃப்டிங்தான். காரணங்களை நேரில் சொல்கிறேன். ஞாயிறு வா."

பதில் மறுநாள் வந்தது. "எந்த பாட்டுடா? இப்போ அதொண்ணும் கேக்கறதில்ல. சமயமில்ல. சுகந்தானே? அம்மாகிட்ட விசாரிச்சேன்னு சொல்லு."

ஞாயிறன்று தனியே ஜங்காரில் ஏறினேன். வழக்கம்போல் கைப்பிடிக் கம்பியின் இடக் கோடியில் நின்றேன். வலப்பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர்க்காரர் வந்து நின்றார். பாட்டைத் தொடங்கினேன். என் காரணங்கள் மூன்றும் வலுவானவை. ஆசிட் இருப்பதால் மட்டும் ஒரு பாட்டு சைட்ரான்ஸ் ஆகிவிடாது. அது மெட்டுக்குக் கீழ்ப்படிந்தே நெளிகிறது. தாளம் நிற்கும் இடத்தில் அதுவும் வாய் மூடிக்கொள்கிறது.

ஸ்கூட்டர்க்காரர் என்னைப் பார்த்து வாயசைத்தார். வலக் காதை விடுவித்தேன்.

"என்னோடாணோ?" என்று கேட்டார், தம்மிடம்தான் பேசுகிறேன் என்று நினைத்து. ஹெட்போனுக்குள் இருந்ததால் நான் எவ்வளவு உரக்கப் பேசினேன் என்பது எனக்குத் தெரியவில்லை.

"அல்ல சேட்டா. சும்மா."

அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியை முடுக்கினார். வைப்பின் வந்துவிட்டது. பாட்டு இன்னும் முடியவில்லை.