முச்சந்தியில் உறையாத இடம்

அருட்செல்வம் இறந்து மூன்றாம் நாள், அவருடைய வேலை மேலங்கியின் பைகளைக் கொட்டியபோது 212 கிராம் கல் வந்தது. நான்கு முதல் எட்டு மில்லிமீற்றர் வரையான உடைகல், தூசி போகக் கழுவியது. ஓய்வு பெற்ற பிறகும் அதைப் பையில் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போய் வந்திருக்கிறார். வழியில் வழுக்கும் இடம் கண்டால் ஒரு கிள்ளு தூவிவிட்டு, ஒன்றுமே நடக்காதவர் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார்.

கரவெட்டியில் பிறந்தவர். எண்பத்தேழில் நோர்வேக்கு வந்து, வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் ஏழு வருடம் உப்பு மூட்டை தூக்கினார். மூட்டை இருபத்தைந்து கிலோ. பிறகு ஒஸ்லோவுக்கு வந்து பத்து வருடம் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தார். 2005 ஐப்பசியில், அவர் குடியிருந்த புருசெத் தொடர்மாடிகளின் குடியிருப்புச் சங்கமே அவரைக் கட்டடப் பராமரிப்பாளராக எடுத்தது. ஆறு மாதம் தற்காலிகம். பங்குனியில் நிர்வாகக் குழு கூடி, நிரந்தரமா இல்லையா என்று சொல்லும். நாற்பத்தெட்டு வயதில் முதன்முறையாக அவருக்கு ஒரு மேசை, ஒரு கதிரை, அறுபத்திரண்டு சாவிகள். அந்த மேசையில் வைக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் காலையில் ஒருமுறை, போகும்போது ஒருமுறை அதைத் துடைப்பார்.

ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு ஒரே வரி. வளவுக்குள் உப்புப் போடக் கூடாது. முன்பிருந்தவர் பனிக்கட்டியைக் கண்டால் மூட்டையோடு கவிழ்ப்பாராம். மரங்கள் பட்டுப்போயின. நாய்களின் பாதம் வெடித்தது. மிச்சம் வடிகாலால் அல்னா ஆற்றுக்குப் போனது. சங்கம் ஒன்பது லிண்டன் மரங்களைப் புதிதாக நட்டு, சுற்றாடல் விதிகள் என்று நான்கு பக்கம் எழுதி எல்லாருடைய கதவிலும் போட்டது. இனிமேல் கல் மட்டும்தான்.

சங்கத்தின் தலைவி போர்கில்ட், இளைப்பாறிய இரசாயன ஆசிரியை. மரங்களுக்கு ஒன்று முதல் ஒன்பது வரை இலக்கமிட்டு, ஒவ்வொன்றின் உடல்நிலையையும் கொப்பியில் எழுதி வந்தார். அருட்செல்வத்தைக் கண்டால் அவருடைய உடல்நிலையை விசாரிக்க மாட்டார். நாலாம் இலக்கத்தின் உடல்நிலையைச் சொல்லுவார்.

அறுபத்திரண்டு சாவிகளையும் அருட்செல்வம் இடுப்பில் கட்டியிருந்தார். அவர் வருவது மூன்றாம் மாடிக்குக் கேட்கும். மனைவி விமலாதேவிக்கு அது பெருமை. பெருமை வந்த கையோடு, கண் பட்டுவிடும் என்ற பயமும் வந்தது. எதிர்ப் புளொக் ராசமலர் படியில் நின்று, "அண்ணை இப்ப நடக்கிற நடையைப் பாத்தால் புளொக்கே அவரின்ரை போலயெல்லோ கிடக்கு" என்று சிரித்துவிட்டுப் போனாள். விமலாதேவிக்கு அன்றிரவு நித்திரையில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கணவனைக் கதிரையில் இருத்தி, ஒரு கை கல்லுப்பும் மூன்று செத்தல் மிளகாயும் எடுத்துத் தலையை மூன்று தரம் சுற்றி, மின்னடுப்பின் தட்டில் போட்டு நாவூறு கழித்தாள். பெரிய நாவூறாகத்தான் இருந்திருக்க வேண்டும். புகை கூடத்தைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போனது. புளொக் முழுக்க எச்சரிக்கை மணி அடித்தது. தீயணைப்பு வண்டி வந்தது. தலைக்கவசத்தோடு ஆறு பேர் மேலே ஓடி வர, பராமரிப்பாளர் என்ற முறையில் அருட்செல்வமே சாவிக் கொத்தை எடுத்து, தன் வீட்டுக் கதவைத் தானே அவர்களுக்குத் திறந்துவிட்டார். சமையல் என்றார். என்ன சமையல் என்று ஒருவன் இருமிக்கொண்டே கேட்டான். அருட்செல்வம் யன்னலைத் திறக்கப் போனார்.

அன்றோடு வீட்டில் எரிப்பது நின்றது. செவ்வாயும் வெள்ளியும் சுற்றுவது மட்டும் நடந்தது. சுற்றிய உப்பு எங்கே போகிறது என்று அவர் கேட்கவில்லை. சுற்றும்போது தொலைக்காட்சியில் செய்தி போகும்.

பனி கொட்டியது. பாதைகள் கண்ணாடியாகின. வெறும் கல் பனிக்கட்டியில் நிற்கவில்லை. காற்றும் சப்பாத்தும் அதை ஓரத்துக்குத் தள்ளிவிடும். அருட்செல்வம் ஒரு வாரம் யோசித்தார். பிறகு கொதிகலன் அறையிலிருந்து எண்பது பாகைச் சுடுநீர் பிடித்து வந்து, தள்ளுவண்டியில் கிடந்த கல்லுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, புட்டுக்கு மா குழைப்பதுபோல உதிரி உதிரியாகப் பிரட்டித் தூவினார். ஈரக்கல் பனிக்கட்டியில் சிறிது இறங்கி, அப்படியே உறைந்து ஒட்டியது. பாதை அரத்தாள் போலச் சொரசொரப்பானது. வளவில் வழுக்கும் இடம் ஒன்பது. ஒன்பதிலும் போட்டார். ஒருவரும் விழவில்லை.

அதில் ஓர் இடம் அதிசயமாக இருந்தது. சுரங்க ரயிலுக்குப் போகும் பாதையும், கடைக்குப் போகும் பாதையும், புளொக்குகளிலிருந்து வரும் பாதையும் சேரும் சந்தி. அங்கே கல் ஒட்டியது மட்டுமல்ல, பனிக்கட்டியே இல்லாமல் போயிற்று. தார் கறுப்பாகத் தெரிந்தது. எப்படி என்று போர்கில்ட் கேட்டார். அருட்செல்வத்துக்கும் தெரியாது. ஆனால் தலைவி கேட்கும்போது தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. புட்டு முறை என்றார். சங்கத்தின் மாதத் தாளில், "உப்பில்லாமல் பனிக்கட்டியை வெல்லும் புட்டு முறை" என்று அரைப்பக்கம் வந்தது. தள்ளுவண்டியோடு நிற்கும் படத்தை விமலாதேவி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். படம் வந்தபடியால் நாவூறு இன்னும் கூடியிருக்கும் என்று அந்த வாரம் இரண்டு கை உப்பெடுத்தாள்.

மாசிக் கடைசியில் போர்கில்ட் மரங்களைச் சோதிக்க மின்கடத்துதிறன் மானியோடு வந்தார். உருக்கிய பனியில் உப்பிருந்தால் எண் ஏறும். எட்டு இடங்களில் இருநூறுக்குக் கீழே நின்றது. சந்தியில் ஐயாயிரத்து இருநூறு. மானியைத் துடைத்து மறுபடி வைத்தார். அதே எண். நிலத்தில் சிவப்பாக ஏதோ கிடந்தது. அதையும் கொப்பியில் எழுதினார்: உலர்ந்த பழம், இனம் தெரியவில்லை.

ஏழாம் பிரிவை அவர் வாசித்துக் காட்டவில்லை. பதினான்காம் தேதி கூட்டத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அருட்செல்வம் குந்தியிருந்து, சந்திப் பனியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். நாய்கள் வந்துபோகும் சந்தி என்பது வைத்த பிறகுதான் நினைவு வந்தது. உப்பு. ஏழு வருடம் தூக்கிய உப்பு. பிறகு அந்த உலர்ந்த பழத்தை எடுத்துப் பார்த்தார். காம்பு கிள்ளாத செத்தல் மிளகாய்.

வெள்ளிக்கிழமை மாலை, பொழுதுபட்ட நேரம், தள்ளுவண்டியோடு ஐந்தாம் இலக்க மரத்தடியில் நின்றார். முதலில் ராசமலர் வந்தாள். கடைக்குப் போகிறவள் போலப் பை பிடித்திருந்தாள். சந்தியில் கையை உதறிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தாள். பின்னால் இன்னொருத்தி. அதற்குப் பின்னால் இரண்டு பேர். நாவூறு கழித்துப் போட்டவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதனால் மரத்தடியில் தள்ளுவண்டியோடு ஒரு முழு மனிதன் நிற்பதை ஒருவரும் காணவில்லை. பதினொரு பேரை எண்ணினார். பதினொராவது ஆள் விமலாதேவி. கூப்பிட வாயெடுத்தார். பின்னாலிருந்து கூப்பிட்டால் கழித்த நாவூறு திரும்பி வரும் என்று தாய் சொன்னது ஞாபகம் வந்து, வாயை மூடினார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார்.

"உம்மாலை எனக்கு வேலை போகப்போகுது, விமலா."

"வேலை போகக்கூடாதெண்டுதானேயப்பா போட்டனான்."

"அந்த உப்பாலைதான் போகப்போகுது."

"ராசமலரும் போடுறாளோ?" என்றாள்.

"ஓம். பதினொரு பேர்."

"அவளுக்கு ஆர் கண் வைக்கிறது? நானோ?"

இந்தக் கேள்வி வேலைப் பிரச்சினையைவிடப் பெரிதாகி, அன்றைய இரவுச் சாப்பாடு பிந்தியது. சாப்பிட்டு முடிய அவர் தன் திட்டத்தைச் சொன்னார். ஒரு தடவை தவறுதலாகத் தானே உப்புப் போட்டதாகச் சொல்லி, மன்னிப்புக் கேட்பார். பெண்களின் பெயர் வராது. விமலாதேவி முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். அறிக்கை எழுதிப் பழகியவள். செய்யாததைச் செய்ததாக எழுதினால் அந்தப் பேப்பர் ஆயுளுக்கும் பின்னால் வரும் என்றாள். கூட்டத்துக்குத் தானும் வருகிறேன் என்றாள்.

கூட்டம் சலவை அறைக்குப் பக்கத்து அறையில் நடந்தது. குழுவில் ஐந்து பேர். மேசையில் கோப்பியும், மானியும், ஒரு தட்டில் தனியாக ஒரு செத்தல் மிளகாயும் இருந்தன. அருட்செல்வம் நாவூறு என்பதை நோர்வேஜிய மொழியில் விளக்கத் தொடங்கினார். பிறருடைய பார்வை ஒருவர் மேல் படும், அதை உப்பில் எடுத்து மூன்று பாதை சேரும் இடத்தில் விட வேண்டும் என்றார். பொருளாளர் எந்தப் பார்வை என்று கேட்டார். விமலாதேவி, உதாரணத்துக்கு இப்போது நீங்கள் பார்க்கிற பார்வை என்றாள். பொருளாளர் கோப்பியைப் பார்த்தார்.

போர்கில்ட் ஒரு கைப்பிடி எத்தனை கிராம் என்று கேட்டார். சமையலறைத் தராசு வந்தது. அறுபது. பதினொரு வீடு, வாரத்துக்கு இரண்டு தரம், இருபது வாரம். இருபத்தாறு கிலோ நானூறு கிராம் என்று எழுதி அடிக்கோடிட்டார். எழுதிய பேனாவைக் கீழே வைத்துவிட்டு அருட்செல்வத்தைப் பார்த்தார்.

"அப்படியானால் சந்தியில் பனிக்கட்டி போனது புட்டு முறையால் இல்லையா?"

ஏழாம் பிரிவை மீறியது அவரில்லை என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். பேசாமல் இருந்தால் மாதத் தாளின் அரைப்பக்கமாவது மிஞ்சும்.

"இல்லை," என்றார். "அது என்னுடைய வேலை இல்லை. எனக்குத் தெரியாமலே என்னுடையது என்று சொன்னேன். மற்ற எட்டு இடமும் என்னுடைய வேலை. போய் நடந்து பாருங்கள்."

ஐந்து பேரும் மேலங்கி போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். வெளியே மைனஸ் ஒன்பது. எட்டு இடத்திலும் நடந்தார்கள். பொருளாளர் வேண்டுமென்றே ஓடிப் பார்த்து, சறுக்கிப் பார்த்து, கடைசியில் குதித்தும் பார்த்தார். விழவில்லை. அருட்செல்வம் அவருக்குப் பின்னால், பிடிக்கத் தயாராக இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினார்.

திரும்பி வந்து நிரந்தர வேலையை இரண்டு நிமிடத்தில் தீர்மானித்தார்கள். ஐந்துக்கு ஐந்து. அதற்குப் பிறகு, கழித்த நாவூறு எந்தக் குப்பை வகை என்பதை நாற்பது நிமிடம் விவாதித்தார்கள். பொருளாளர் சாதாரணக் குப்பை என்றார். விமலாதேவி, உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள் என்றாள். ஆபத்தானதா என்று போர்கில்ட் கேட்டார். அதனால்தானே வீட்டில் வைக்காமல் எறிகிறோம் என்றாள். முடிவில் பற்றரியும் பழைய பெயின்றும் போடும் சிவப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் மூடியுள்ள ஒரு வாளி வைப்பதென்று அறிக்கையில் எழுதப்பட்டது. வாளி நிறைந்தால் பராமரிப்பாளர் அப்புறப்படுத்த வேண்டும். திரும்பிப் பாராமல் என்று விமலாதேவி சேர்க்கச் சொன்னாள். சேர்த்தார்கள்.

அடுத்த செவ்வாய் வாளிக்குப் போனது உப்பு. புதன் காலை சந்தி கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. ஐந்தரை மணிக்கு அருட்செல்வம் சுடுநீரும் கல்லுமாக அங்கே போய், பிரட்டித் தூவி, ஒட்டிப் பிடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். ரயிலுக்குப் போன ராசமலர் இன்றைக்கு ஏன் இங்கே இவ்வளவு நேரம் என்று கேட்டாள். இண்டையிலிருந்து இதுவும் என்ரை இடம் என்றார்.

அதற்குப் பிறகு பதின்மூன்று பனிக்காலம் அந்தச் சந்தியில் கல் தூவினார். விழுந்தது ஒரே ஆள். அது அவர்தான். இரண்டு தரம். இரண்டு தரமும் எழும்பி, யாராவது கண்டார்களா என்று பார்த்துவிட்டு, விழுந்த இடத்துக்கு இன்னொரு கை போட்டார்.